காசுக்கு ஒரு கூடு

என்னிடம் இரண்டு காலணாக் காசுகள் இருக்கின்றன. இரண்டும் 1936-இல் அடித்தவை. ஐந்தாம் ஜார்ஜ் தாடியும் கிரீடமுமாக உட்கார்ந்திருக்கிறார். ஒன்று பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடும் பாக்குத் தூளோடும் கிடந்து, அவர் போன பிறகு என் கைக்கு வந்தது. இன்னொன்றை நான் விலை கொடுத்து வாங்கினேன். வாங்கும்போது எழுத்துகளின் இடுக்கில் புதுக் காசின் செம்மை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதனால் அதை மட்டும் மரியாதையாக ஆல்பத்தில் ஏற்றினேன். எட்டு வருஷம் கழித்துப் பக்கத்தைப் புரட்டினால் உறை காசோடு ஒட்டிக் கிடக்கிறது. பிரித்தபோது பிளாஸ்திரி உரிக்கிற சத்தம் வந்தது. ராஜாவின் தாடி முழுக்கப் பச்சைப் பிசுக்கு. அதைத் துடைத்த இடத்தில் வெண்கலம் அரித்துக் குழிந்திருந்தது. பாட்டியின் காசோ காப்பிக்கொட்டை நிறத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறது.

பாட்டியின் வழிதான் சரி என்று சொல்ல வரவில்லை. சுருக்குப்பையில் காசோடு காசு உரசி எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. சேகரிப்பவர் கண்ணுக்கு அது அரைக்காசு பெறாது. ஆனால் பத்திரப்படுத்துவதற்கென்றே விற்கிற ஒரு பொருள், பத்திரப்படுத்தாமல் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிட்டது. காசு சேகரிப்பில் இது அபூர்வமான கதை இல்லை. எதில் வைத்தால் காசு பிழைக்கும் என்ற கேள்விக்கு உலகம் முழுக்க நிறையப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் நம் ஊர் வீட்டு பீரோவுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கிற கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று உலர்ந்து உதடு வெடிக்கும். ஆகவே அந்தக் கையேடுகள் பிளாஸ்டிக்கில் தொடங்கி, காகிதத்துக்கும் மரத்துக்கும் வந்து, கடைசியில் ‘ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து வைக்கவும்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அந்தக் கடைசி வரிதான் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். பொரித்த அப்பளம் கால் மணி நேரத்தில் நமத்துப்போகிற ஊரில் செம்புக் காசு மட்டும் எப்படி விறைப்பாக இருக்கும்? என் கணக்கில் முதல் எதிரி காற்றின் ஈரம், இரண்டாவது மெத்தென்ற பிளாஸ்டிக், மூன்றாவது மரமும் காகிதமும். விலை உயர்ந்த கேப்சூல் வாங்கலாமா வேண்டாமா என்பது கடைசியில் வர வேண்டிய கவலை.

பொருளைத் தேர்வதற்கு முன்னால் காசு எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலப்பாகச் சேர்த்த செம்பு அங்கங்கே செம்புள்ளியாகத் தெரியலாம், மற்றபடி கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெள்ளிக்கு எதிரி கந்தகம். காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படிகிறது. அந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு செம்மை, பிறகு நீலம், தடித்தால் கறுப்பு. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் நிறம் காட்டுவதும் இதுவும் ஒரே ஒளி விளையாட்டுதான். சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்பார்கள். அழகாக விழுந்தால் விலை கூடும், அசிங்கமாக விழுந்தால் இறங்கும்.

வெள்ளி ரூபாய் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1835 முதல் 1940 வரை வந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம் எடை. அதில் 91.7 விழுக்காடு வெள்ளி, மிச்சம் செம்பு. போர்க்காலத்தில், 1940-இல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். செம்பு 40 விழுக்காடு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1940-களின் ரூபாய் பெயருக்குத்தான் வெள்ளி, குணத்தில் பாதி செம்பு. ஆகவே விக்டோரியா ரூபாய் தாக்குப்பிடிக்கிற மோசமான உறையில் இது பச்சை பூத்துவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு ‘வெள்ளி’ என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1947-இன் நிக்கல் ரூபாய் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, அதிகம் தொந்தரவு கொடுக்காது. அலுமினியத்தில் வந்த மூன்று பைசா, பத்து பைசா காசுகளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் உப்புக் காற்று பட்டால் அவற்றில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளைப் பொடி கிளம்பி அடியில் குழி விழும். அந்தக் குழி மறுபடி மூடாது.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். என் காலணாவைத் தின்றது பிவிசி. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே பொருள்தான். குழாயில் அது விறைப்பாக இருக்கும். அதை ஆல்பத்தின் பக்கம்போல் வளைந்து கொடுக்க வைக்க எண்ணெய்ப் பசையான மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். இவை பிளாஸ்டிக்கோடு வேதியியலாகப் பிணைந்தவை அல்ல, பஞ்சில் எண்ணெய் போல உள்ளே ஊறி நிற்பவை. வெயில் காலத்தில் மெல்லக் கசிந்து வெளியே வந்து காசின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். இன்னொரு பக்கம், நாள்பட்ட பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்படுகிறது. பிசுக்கு காசின் மேல் மெத்தை விரிக்க, அமிலம் அதில் ஊறிப் படுத்து நிதானமாகச் செம்பைத் தின்னும். பச்சை நிறம் அந்தச் சாப்பாட்டின் மிச்சம். வெப்பம் இந்த வேலையை வேகப்படுத்தும். பரணிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலோ வைத்த ஆல்பம், கீழ்த்தளத்தில் வைத்ததைவிடச் சீக்கிரம் அழுவதற்கு அதுதான் காரணம்.

கடையில் நிற்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி மூக்கு. புது ரெக்சின் பை, புது மழைக்கோட்டு, காற்று ஊதிய கடற்கரைப் பந்து ஆகியவற்றில் வரும் வாசனை ஆல்பத்தில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண். 3 என்றால் பிவிசி. 1 பாலியெஸ்டர் வகை, 2-உம் 4-உம் பாலிஎதிலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். எண் போடாத உறைதான் நம் சந்தையில் அதிகம். அப்போது ஒரு மூலையைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டு, விரலால் ஒருமுறை அமுக்கிக் காற்றுக் குமிழைப் போக்கிவிட்டுப் பாருங்கள். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பிவிசி மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும்தான். ஆனால் அது கசக்கினால் பிஸ்கட் காகிதம்போல மொறுமொறுவென்று சத்தம் போடும், பிவிசி சத்தமில்லாமல் துவளும்.

ஆய்வகத்தார் கையாள்வது பைல்ஸ்டைன் சோதனை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலர் ஃபிரெடரிக் பைல்ஸ்டைன் பெயரால் வழங்குவது. செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால் குளோரின் உள்ள பொருளுக்குச் சுடர் பச்சையாகும். புகை நல்லதல்ல. செய்தே தீர வேண்டும் என்றால் திறந்த வெளியில் செய்யுங்கள், அடுப்படியில் வேண்டாம். தண்ணீர்ச் சோதனையே போதும் என்பது என் கட்சி.

பாதுகாப்பான பிளாஸ்டிக்குகள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நான்கைந்து. மைலார் என்ற வணிகப் பெயரால் தெரிந்த பாலியெஸ்டர் தாள் முதலில் வரும். தெளிவானது, எதோடும் சேராதது. ஆனால் விறைப்பு அதிகம், மடிப்பில் சீக்கிரம் கிழியும், ஓரம் பட்டால் காசின் மேட்டுப்பகுதியில் மயிரிழைக் கீறல் விழும். பாலிபுரோப்பிலீனும் பாலிஎதிலீனும் கொஞ்சம் மங்கல், ஆனால் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. உருண்டைக் கேப்சூல்களுக்குப் பயன்படுவது அக்ரிலிக்கும் பாலிஸ்டைரீனும். இரண்டும் நல்லவை. கேப்சூலில் காசு ஆடினால் விளிம்பு தேயும், ஆகவே அளவு சரியாகப் பார்க்க வேண்டும். நடுவில் வளையமாக வைக்கும் கறுப்பு ஃபோம் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் அந்தக் கேப்சூலை வாங்காதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் சில வருஷங்களில் மஞ்சளாகி, ரவை போல உதிர்ந்து, காசின் விளிம்பைச் சுற்றி அப்பிக்கொள்ளும்.

தரம் பிரித்துச் சான்று போட்டு மூடித் தரும் ‘ஸ்லாப்’ பற்றிச் சின்னதாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் தொடங்கிய பழக்கம் இப்போது இங்கேயும் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நல்ல ரகம்தான், கீறல் விழாது, கைரேகை படாது. ஆனால் அது காற்றுப் புகாத பெட்டி அல்ல. ஸ்லாபுக்குள் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று கடலோர வீட்டு அலமாரியில் வைத்தவர்கள் உள்ளேயே காசு நிறம் மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அட்டைச் சட்டத்துக்கு நடுவில் மைலார் சன்னல் வைத்து ஸ்டேப்ளர் அடிக்கும் ‘இரண்டுக்கு இரண்டு’ ஹோல்டர்தான் நம்மிடையே அதிகம் புழங்குவது. மலிவு, மேலே பேனாவால் விவரம் எழுதலாம். எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் அதன் பலவீனம் ஒரு சின்ன இரும்புக் கம்பியில் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். துரு அட்டையில் இறங்கி, அங்கிருந்து காசுக்குப் பரவும். துருவே பிடிக்காவிட்டாலும், அடித்த பின்னின் முனை புடைத்து நிற்பதால் அடுக்கி வைத்த அடுத்த காசின் முகத்தைக் கீறும். இடுக்கியால் பின்னைத் தட்டையாக நசுக்கிவிடுவது சின்ன வேலை, செய்கிறவர்கள் குறைவு. துருப்பிடிக்காத எஃகுப் பின் கிடைத்தால் இன்னும் நல்லது. காசை வெளியே எடுக்கும்போது பின்னை முதலில் முழுதாகக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து ராணியின் கன்னத்தில் கோடு போட்ட அனுபவம் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றாவது இருக்கும்.

காகித உறை பழைய முறை. அமிலமும் கந்தகமும் நீக்கிய காகிதமாக இருந்தால் தவறில்லை. பழுப்பு நிறத் தபால் உறை அப்படிப்பட்டது அல்ல. அதைவிட மோசம் செய்தித்தாள். பீரோ தட்டில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் எதையும் வைப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்கிற வேலை. அந்தத் தாள் ஆறு மாதத்தில் மஞ்சளாவதே அதில் அமிலம் பிறப்பதற்கு அடையாளம். நகைக்கடையில் மடித்துத் தரும் ரோஸ் காகிதம் கடையிலிருந்து வீடு வரை வருவதற்கானது. ஈரத்தில் சாயம் விடும், அதிலேயே வருஷக்கணக்கில் வைக்கக் கூடாது.

ரப்பர் பேண்டை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் இடமில்லாமல் தடை செய்யலாம். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது மெல்ல வெளியேறி வெள்ளியில் கறுப்புக் கோடாகப் படியும். காசைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே டப்பாவில் இருந்தாலே போதும். கம்பளித் துணியிலும் இயல்பாகவே கந்தகம் உண்டு. சிவப்பு வெல்வெட் தட்டு கண்காட்சிக்கு ஒரு நாள் அழகு, வீட்டில் பத்து வருஷம் வைத்தால் அதன் சாயமும் பசையும் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பீரோ வாசத்துக்கும் பூச்சிக்கும் போடுகிற பாச்சை உருண்டை ஆவியாகிக் காசின் மேல் படியக்கூடியது. சில வகை உருண்டைகளில் குளோரின் சேர்மமே மூலப்பொருள். பட்டுப்புடவை இருக்கும் தட்டும் காசு இருக்கும் தட்டும் வேறு வேறாக இருக்கட்டும். வெள்ளிச் சாமான் கறுக்காமல் இருக்கச் சாக்பீஸ் போட்டு வைப்பதும் நம் வீட்டு வைத்தியம்தான். இங்கே கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, ஏற்கனவே தண்ணீரைக் குடித்து இறுகியது. அது இன்னும் எவ்வளவு குடிக்கும்?

மரம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் மரத்தின் மேல் நமக்கு மரியாதை அதிகம். இங்கிலாந்தின் பழைய சேகரிப்பாளர்கள் காசுக்கென்று மஹோகனி மரத்தில் குறுகிய இழுப்பறைகள் கொண்ட அலமாரி செய்தார்கள். வட்டமாகக் குடைந்த குழியில் ஒவ்வொரு காசும் உட்கார்ந்திருக்கும். மஹோகனியைத் தேர்ந்தது அழகுக்காக மட்டும் இல்லை. ஓக் மர இழுப்பறையில் வைத்த பொருள்கள் கெடுவது அனுபவத்தில் தெரிந்திருந்தது. மரம் வெட்டிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அசிட்டிக் அமில ஆவியை வெளியிடும். ஓக் அதில் படுமோசம், மஹோகனி குறைவு. நம் தேக்கு இரண்டுக்கும் நடுவில் வருகிறது. தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டி என்பதால் நிரபராதி என்று விட்டுவிட முடியாது. பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் இன்னொரு விதம். அவற்றை ஒட்டுகிற பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறக்கூடும்.

இந்த ஆவிகளுக்கு முதலில் பலியாவது ஈயம். ஈயக் காசா, அது எங்கே நம்மிடம் என்று கேட்கலாம். டென்மார்க்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி உட்கார்ந்த பிறகு, அந்த நூற்றாண்டில் அங்கே அடித்த சில்லறைக் காசுகளில் பெரும்பகுதி ஈயம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சாதவாகனர்களும் ஈயத்தில் காசு அடித்திருக்கிறார்கள். சுண்டு விரல் நகம் அளவுள்ள தரங்கம்பாடி ஈயக் காசை மரப்பெட்டியில் வைத்து மூடினால், அசிட்டிக் ஆவியும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொடியாக மாற்றிக்கொண்டே போகும். வெள்ளை ஈயம் என்ற ஓவிய நிறமியை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் தயாரித்தது இதே வழியில்தான், வினிகர் ஆவியில் ஈயத் தகட்டை வைத்து. நிறமி செய்கிறவருக்கு அது லாபம். காசு வைத்திருப்பவருக்கு, ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் மன்னரின் முத்திரை இருந்த இடத்தில் மாவு இருக்கும். அந்த மாவு விஷம், வாயால் ஊதித் தட்டிவிடாதீர்கள்.

எந்தப் பொருள் எந்த ஆவியை விடும் என்று ஊகித்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாகச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று வழி சொன்னவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி. 1973-இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் அருங்காட்சியகங்களில் நடக்கிறது. சந்தேகத்துக்குரிய துணி, பலகை, பசை எதுவானாலும் ஒரு துண்டை எடுத்து, வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடும் கொஞ்சம் தண்ணீரோடும் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். பக்கத்தில் அந்தப் பொருள் இல்லாத இன்னொரு குழாய் ஒப்பிடுவதற்கு. தகடு மங்கினால் பொருள் தள்ளுபடி. மூன்று உலோகமும் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளி கந்தகத்தைக் காட்டிக்கொடுக்கும், ஈயம் கரிம அமிலத்தைக் காட்டும், செம்பு குளோரைடைக் காட்டும். வீட்டில் இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது. ஆனால் புதுப் பெட்டி வாங்கினால் அதில் முதலில் மெருகேற்றிய செம்புத் துண்டு ஒன்றையும், மீன்பிடிக்கிறவர்கள் வலையில் கட்டும் ஈயக்குண்டைச் சுரண்டி ஒன்றையும் போட்டு மூடி ஒரு கோடை முழுக்க வைத்துப் பார்ப்பதில் செலவு என்ன?

இப்போது ஈரம். செம்பிலும் வெண்கலத்திலும் படியும் பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் அது பெரிய உவமை. செம்போடு களிம்பு உடன்பிறந்தது போல உயிரோடு ஆணவ மலம் உடன்பிறந்தது என்பார்கள். வேதியியல் படித்தவர் இதைக் கேட்டால், களிம்பு வெளியிலிருந்து வருவது, செம்புக்குள் இருப்பதல்ல என்று மறுப்பார். ஆனால் மண்ணுக்கடியில் கிடந்த காசுகளின் விஷயத்தில் சித்தாந்திகள் பக்கம்தான் நான் சாய்வேன்.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகை மணலில் சங்க காலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருப்பவை. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடக்கும்போது மண்ணின் உப்பு உள்ளே இறங்கி, காசின் தோலுக்கு அடியில் குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிடும். மேலே பார்த்தால் கரும்பச்சையாக வழவழப்பான பட்டினா, தொட்டுக் கும்பிடத் தோன்றும். ஈரமும் பிராணவாயுவும் உள்ளே எட்டியதும் அந்தக் குளோரைடு விழித்துக்கொள்ளும். வெளிறிய பச்சைப் பொடி கிளம்பும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும், அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்கும். வட்டிக்கு வட்டி போடுகிற கடன்காரன் கணக்கு. இதற்கு வெண்கல நோய் என்று பெயர். ஒட்டுவாரொட்டி இல்லை, ஆனால் ஒரு காசு முழுவதையும் பொடியாக்கிவிட்டுத்தான் ஓயும்.

இதை ஒரு பச்சைக் கறையாக மட்டும் நினைக்க முடியாததற்குக் காரணம் உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசைப் படித்து வெளியிட்டார். சங்க காலப் பாண்டியர் வரலாற்றுக்கு அது எவ்வளவு பெரிய சாட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாட்சியம் முழுவதும் செம்பின் மேல் தாள் கனத்துக்கு எழும்பி நிற்கும் சில தமிழ்-பிராமி எழுத்துகள். வெண்கல நோய் முதலில் கிளம்புவது தோலில், எழுத்து இருப்பதும் தோலில். எழுத்து போன பிறகு மிஞ்சுவது எடைக்குப் போடுகிற செம்பு.

நல்ல பச்சையையும் நோய்ப் பச்சையையும் பிரித்துப் பார்க்கக் குண்டூசி போதும். கரும்பச்சை கெட்டியாக நிற்கும். நோய்ப் பச்சை வெளிறி, பொடியாக, தொட்டால் உதிரும். உதிர்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், மறுபடி பூத்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் காய வைக்க வேண்டும். இதற்கான வேதிக் குளியல்கள் உண்டு, அவை ஆய்வகத்தார் கையில் நடக்க வேண்டியவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே பரமசிவன் என்ற வேதியியலர் வெண்கலப் படிமங்களின் இந்த நோயை மின்பகுப்பு முறையால் தீர்க்கத் தொடங்கிவிட்டார். நம்மால் வீட்டில் ஆகக்கூடியது காற்றை உலர வைப்பது. ஒப்பீரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டுக்கு மேல் போகும்போது குளோரைடு வேலையைத் தொடங்கும், 35-க்குக் கீழே கிட்டத்தட்டத் தூங்கிவிடும். சென்னை ஆண்டின் பெரும்பகுதி 60-க்கு மேல்தான், ஐப்பசி கார்த்திகையில் 80-ஐத் தாண்டும். ஆகவே நம் ஊரில் மண்ணெடுத்த செம்புக் காசு திறந்த அலமாரியில் பிழைப்பதே ஆச்சரியம்.

இங்கேதான் சேகரிப்பாளர்களிடையே பழைய வழக்கு ஒன்று வருகிறது: காற்றுப் புகாமல் மூடுவதா, காற்றாட வைப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. மூடினால் உள்ளே இருக்கும் மரம், பசை, பிளாஸ்டிக் விடுகிற ஆவி வெளியே போக வழியில்லாமல் காசின் மேலேயே சுற்றிச் சுற்றி வரும். திறந்தால் ஊர்க் காற்றின் ஈரமும் உப்பும் கந்தகமும் உள்ளே வரும். என் முடிவு: உள்ளே ஆவி விடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை என்று உறுதியானால் மூடுங்கள். உறுதி இல்லை என்றால் மூடாதீர்கள். மரப்பெட்டிக்காரர்கள் காற்றாட வைக்கட்டும், பிளாஸ்டிக் டப்பாக்காரர்கள் மூடட்டும். நம் கடற்கரையில் பிளாஸ்டிக் டப்பாவில் மூடுகிற வழியே மேல். சமையலறைக்கு வாங்குகிற, 5 எண் போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பா, மூடியில் சிலிக்கோன் வளையத்தோடு இருந்தால் இருபதாயிரம் ரூபாய் மர அலமாரியைவிட நல்ல கூடு. எவர்சில்வர் சம்புடமும் குற்றமற்ற உலோகம்தான். மூடி மட்டும் ஈரத்தைத் தடுக்காது.

டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் வேண்டும், சின்ன ஈரமானி ஒன்றும் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மானி போதும். நீலக் குருணை ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். அந்த நீலமே கோபால்ட் குளோரைடு என்பதால் காசின் மேல் சிந்த விடாமல் மெல்லிய பருத்திப் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்கவும் கூடாது. பாதுகாப்பான ஆரஞ்சு ரகமும் விற்கிறது. டப்பாவை எப்போது மூடுகிறோம் என்பதும் முக்கியம். மழை நாளில் மூடினால் மழையையும் சேர்த்து மூடுகிறோம். வறண்ட நாள் பகலில், அல்லது ஏசி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பரப்பி வைத்த பிறகு மூடலாம். ஏசி அறையில் குளிர்ந்த காசை நேரே கூடத்துக்கு எடுத்து வந்தால் ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வேர்ப்பது போல வேர்க்கும், டப்பாவோடு எடுத்து வந்து சூடு சமமான பிறகு திறவுங்கள். வங்கி லாக்கர் திருட்டுக்குத்தான் காவல். தரைக்குக் கீழே உள்ள லாக்கர் அறைகளில் சுவரே வேர்ப்பதுண்டு. லாக்கருக்குள் வைத்தாலும் டப்பாவும் ஜெல்லும் கூடப் போக வேண்டும்.

கெட்டுப்போன காசை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பிவிசி பிசுக்கு தூய அசிட்டோனில் கரையும். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை ஊற விட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி எடுக்கலாம். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பிசுக்கு போகும், அமிலம் அரித்த குழி போகாது. புளி, எலுமிச்சை, விபூதி இந்த மூன்றும் குத்துவிளக்குக்கும் பூஜைச் சொம்புக்கும் உரியவை. ஒரே ஒரு முறை புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த காசு, நூறு வருஷம் நிதானமாகச் சேர்த்த தோலை ஐந்து நிமிஷத்தில் இழந்த காசு. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தூரத்திலேயே தெரியும்.

என் காலணாவை அசிட்டோனில் அலசி, மைலார் சன்னலில் போட்டு, பின்னை நசுக்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். குழி அப்படியேதான் இருக்கிறது. பாட்டியின் காசும் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு உறை தேவையில்லை என்று வீட்டில் சொன்னார்கள், போட்டுவிட்டேன். போன ஐப்பசியில் பதினைந்து நாள் அடைமழை பெய்தபோது டப்பாவைத் திறக்கவில்லை. மூடி வழியாக ஈரமானி 38 காட்டியது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இன்னொன்றில் 86.